விண்வெளிக் கதையும் பத்துச் சித்திர இதழ்களும்

மாத்தளை மாவட்டத்தின் கீழ்க்கோடியிலே, மகாவலி கங்கையை அண்டிக் கிடக்கிறது வில்கமுவப் பிரதேசம். வஸ்கமுவ வனத்தை அடுத்த அந்நிலத்தில் வயலும் காடும் யானைத் தடமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இடையிடையே சிதைந்த பழங்குளங்கள் பண்டைய அரசர் காலத்தை நினைவூட்டுகின்றன. விண்வெளிப் பயணத்தையும் சித்திரக்கதையையும் பற்றிப் பேசப் புகுவோர் இத்தகைய ஓரிடத்திலிருந்து தொடங்குவது வியப்பாகத் தோன்றலாம். ஆனால், படத்தாற் கதை சொல்வதும் பலர் கூறியதை ஒன்றாகத் தொகுத்து வைப்பதும் இம்மாவட்டத்துக்குப் புதியனவல்ல. மாத்தளை நகருக்கு அண்மையிலுள்ள அளுவிகாரையிலேதான், வாய்மொழியாக வழங்கி வந்த பௌத்த திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பெற்றது என்பர். தம்புள்ளைக் குகைச் சுவர்களிலே மாரனின் படையெடுப்பும், துட்டகைமுனுவும் எல்லாளனும் பொருதிய போரும் வண்ணத்தில் விரிகின்றன. எழுத்தறியாதவனும் அச்சுவரின் முன் நின்று கதையைப் பின்பற்றிச் செல்லலாம்.

இவை இரண்டினும் சிறந்த சான்று சீகிரியா. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியிலே, 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பன் அக்குன்றின் மீது மாளிகை எடுத்தான். குன்றின் இடையிலே பெண்டிர் உருவங்களைத் தீட்டுவித்தான். அவன் மறைந்து நெடுங்காலத்தின் பின், பெரும்பாலும் எட்டாம் நூற்றாண்டு தொடக்கம் பத்தாம் நூற்றாண்டு வரை, அவ்வோவியங்களைக் காண வந்தவர்கள் தத்தம் மனத்தில் எழுந்ததைப் பளபளப்பான சுவரிலே செய்யுளாகப் பொறித்துச் சென்றார்கள். அவற்றுள் 685 செய்யுள்களைப் பேராசிரியர் பரணவிதான 1956 ஆம் ஆண்டில் இரு பெருந்தொகுதிகளாகப் பதிப்பித்தார். ஒருவன் ஆக்கிய உலகத்துக்குள் மற்றவர் பலர் புகுந்து, ஒவ்வொருவரும் தம் பங்குக்கு ஒன்று சொல்லிப் போவது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. தமிழர்க்கும் இது அந்நியமான வழக்கன்று. குறிஞ்சி என்னும் ஒரே உலகத்தில் நின்று எத்தனையோ புலவர் பாடினர். பின்வந்தோர் அவற்றைத் தொகையாக்கினர். வான்மீகி கூறிய கதையைக் கம்பன் தன் கதையாக்கினான். கம்பனை உரிமை மீறியவன் என்று குறை கூறியவர் எவருமில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இந்த வழக்கு வாணிகமாயிற்று. ஒரு கற்பனை உலகம் ஒரு கொம்பனியின் சொத்தாகி, உரிமை பெற்றோர் மாத்திரமே அதனுள் கதை சொல்லலாம் என்ற நிலை வந்தது. அவ்வாறு உரிமை பெற்று எழுந்த சித்திரக்கதைத் தொகைகளுள் மிக விசித்திரமான ஒன்று, அமெரிக்காவின் மார்வல் நிறுவனம் 1976, 1977 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட "2001" என்னும் வரிசை. அதன் மூலக்கதையை எழுதியவர் தம் வாழ்நாளில் அரை நூற்றாண்டுக்கு மேல் இலங்கையையே தம் இல்லமாகக் கொண்ட ஆதர் சி. கிளார்க்.

கிளார்க் 1917 ஆம் ஆண்டு டிசம்பர் 16 ஆம் நாள் இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில், மைன்ஹெட் என்னும் கடலோர ஊரிலே பிறந்தார். சிறுவயதில் அவரை ஆட்கொண்டவை மலிவுத் தாளில் அச்சிட்ட அமெரிக்கக் கதைச் சஞ்சிகைகள். ஒவ்வோர் இதழிலும் பல ஆசிரியர். அட்டையிலே கண்ணைப் பறிக்கும் வர்ணத்தில் விண்கலமும் வேற்றுலக விலங்கும். கல்வி கற்றோர் அவற்றைக் குப்பை என்றனர். ஆனால் அந்தக் குப்பையிலிருந்துதான் 1945 ஆம் ஆண்டு ஒக்டோபரில் அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைக்கு வேண்டிய துணிவு பிறந்தது எனலாம். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிறுத்தப்படும் செய்மதிகள் மூன்று இருந்தால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்பது அக்கட்டுரையின் சாரம். அவ்வுயரத்திற் செல்லும் செய்மதி பூமி சுழலும் கதியிலேயே சுழல்வதால், கீழிருந்து பார்ப்பவர்க்கு ஆகாயத்தில் அசையாது நிற்பது போலத் தோன்றும்.

சித்திரக்கதையோடு அவர் கொண்ட தொடர்பும் இலங்கைக்கு வருமுன்பே தொடங்கியது. 1950 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 14 ஆம் நாள் பிரித்தானியாவில் "ஈகிள்" என்னும் சிறுவர் வார இதழ் வெளிவந்தது. மார்க்கஸ் மொறிஸ் என்ற பாதிரியார் அதன் ஆசிரியர். அதன் முதற்பக்கத்தை அலங்கரித்தவன் டான் டேர் என்னும் விண்வெளி வீரன். அவனை உருவாக்கியவர் ஓவியர் பிராங்க் ஹாம்ப்சன். தொடக்க காலத்தில் அக்கதையின் அறிவியல் ஆலோசகராய் இருந்தவர் கிளார்க். டான் டேரின் கதை 1951 தொடக்கம் சில ஆண்டுகள் லக்சம்பேர்க் வானொலியில் நாடகமாகவும் ஒலிபரப்பாயிற்று. இதழில் படம், வானொலியில் குரல், கடையில் விளையாட்டுப் பொருள் என்று ஒரே கதை பல உருவெடுத்துப் பெருகும் முறையைப் பிற்கால அமெரிக்கக் கொம்பனிகளின் கண்டுபிடிப்பு என்று எண்ணுவோர், இந்தப் பாதிரியாரின் பத்திரிகையை மறந்துவிடுகின்றனர்.

"2001" கதையின் வித்தும் வானொலியோடு பிணைந்தது. 1948 ஆம் ஆண்டு பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் நடத்திய சிறுகதைப் போட்டிக்கெனக் கிளார்க் ஒரு கதை எழுதினார். சந்திரனிலே மனிதன் கைபடாத ஒரு கூம்புருவைக் காண்கிறார்கள். என்றோ வந்துபோன வேற்றுலகத்தார் அதனைக் காவலாக நிறுத்திச் சென்றிருக்கின்றனர். மனிதன் அதனை எட்டும் அளவுக்கு வளர்ந்தானா என்பதை அறிவிப்பதே அதன் பணி. கதைக்குப் பரிசு கிடைக்கவில்லை. 1951 இல் "பத்துக் கதைக் கற்பனை" என்னும் பொருள்படும் பெயர் கொண்ட அமெரிக்கச் சஞ்சிகையில் அது வெளியாயிற்று. பெயரில் பத்து என்று இருந்தபோதிலும் உள்ளே இருந்தவை பதின்மூன்று கதைகள். சஞ்சிகையோ அந்த ஓரிதழோடு நின்றுபோயிற்று. இத்துணை எளிய தொட்டிலிற் கிடந்த கதைதான் பிற்காலத்தில் உலகெங்கும் பேசப்பட்டது.

இங்கே ஒரு காலக்கணக்கைக் கவனித்தல் வேண்டும். தனித்து நிமிர்ந்து நிற்கும் சீகிரியாக் குன்றைக் கண்டவர்க்கு, "2001" இல் வரும் கரிய கற்பலகை அதிலிருந்துதான் பிறந்திருக்கும் என்று சொல்ல ஆசை எழும். ஊர்ப்பற்று அவ்வாறு சொல்லத் தூண்டும், வரலாறு இடங்கொடாது. கிளார்க் இலங்கை மண்ணில் முதன்முதல் கால் வைத்தது 1954 ஆம் ஆண்டு டிசம்பரில், அவுஸ்திரேலியாவின் பவளப்பாறைகளை நோக்கிச் சென்ற கப்பல் கொழும்பிலே தரித்த அற்ப நேரத்திலேதான். கதை அதற்கு ஆறு ஆண்டு முந்தியது.

1956 இல் அவர் இங்கே குடியேறினார். விண்வெளிக் கதை எழுதியவரை இந்நாட்டில் நிறுத்தியது வானமன்று, கடல். நண்பர் மைக் வில்சனுடன் அவர் தீவைச் சுற்றிலும் சுழியோடினார். திருகோணமலையில் சுவாமி மலையடியிலே, போர்த்துக்கேயர் 1624 இல் இடித்துத் தள்ளிய கோணேசர் ஆலயத்தின் தூண்களும் சிற்பங்களும் கடலடியிற் கிடந்ததை அவர்கள் கண்டனர். 1961 இல் தென்கடலின் பெரிய பாசுப் பாறையருகே மூழ்கிய கப்பலொன்றிலிருந்து, ஔரங்கசீப் காலத்துச் சூரத்து வெள்ளி நாணயங்கள் கட்டி கட்டியாகக் கிடைத்தன. வில்சன் பின்னாளில் முருகனடியாராகித் துறவு பூண்டு சுவாமி சிவகல்கி என்னும் பெயருடன் வாழ்ந்தார். இவ்விருவரின் வாழ்வே ஒரு சித்திரக்கதைக்குப் போதுமானது.

1964 ஆம் ஆண்டு வசந்த காலத்திலே திரைப்பட நெறியாளர் ஸ்டான்லி குப்ரிக் கிளார்க்கோடு தொடர்பு கொண்டார். அப்போது கிளார்க் இலங்கையிலிருந்தார். ஏப்ரலில் இருவரும் நியூயோர்க்கிலே சந்தித்தனர். அந்தப் பழைய சந்திரக் கதையை அடியாகக் கொண்டு ஒருவர் நாவலாகவும் மற்றவர் படமாகவும் நான்காண்டு உழைத்தனர். 1968 ஏப்ரல் 2 ஆம் நாள் படம் வாஷிங்டனில் முதன்முதல் காட்டப்பட்டது. கூம்பு, படத்திலே கரிய நெடும் பலகையாகியிருந்தது. அப்பலகை ஆதி மனிதக் குரங்கின் கையில் எலும்பை ஆயுதமாகக் கொடுக்கிறது; நாற்பது இலட்சம் ஆண்டுகளின் பின் அவனது சந்ததியை வியாழனுக்கு அழைக்கிறது; இறுதியில் மனிதன் விண்குழந்தையாய் மறுபிறப்பெய்துகிறான். தொடக்கத்தில் ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடம் ஒருவரும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. பார்த்தவருட் பாதிப்பேர் மயங்கினர். பாதிப்பேர் எழுந்து போயினர்.

பேச்சற்ற இந்தப் படத்தை, பேச்சையே உயிராகக் கொண்ட சித்திரக்கதையாக்கும் பொறுப்பு எட்டாண்டின் பின் ஜாக் கேர்பியிடம் சேர்ந்தது. கேர்பியும் 1917 இற் பிறந்தவரே. நியூயோர்க்கின் ஏழைத் தெருக்களில் வளர்ந்தவர். 1940 களின் தொடக்கத்தில் ஜோ சைமனுடன் சேர்ந்து "கப்டன் அமெரிக்கா"வை ஆக்கினார்; 1961 இல் ஸ்டான் லீயுடன் "நால்வர் படை"யைத் தொடங்கி, அந்நிறுவனத்தின் பெருஞ்செல்வத்துக்கு அடிக்கல் நாட்டியவரும் அவரே. 1976 இல் அவர் "2001" படத்தைப் பெரிய அளவுத் தனியிதழாக வரைந்தார். அதனைத் தொடர்ந்து 1976 டிசம்பர் எனத் திகதியிட்ட முதல் மாத இதழ் வந்தது. எழுத்து, சித்திரம், பதிப்பு மூன்றும் கேர்பியே. 1977 செப்டெம்பர் வரை பத்து இதழ்கள்.

திரைப்படத்தில் ஒரே கதை. கேர்பியின் மாத இதழிலோ கதைக்குக் கதை ஆட்கள் மாறினர். இதழின் முற்பகுதியில் ஓர் ஆதி மனிதன் அல்லது மனுஷி கற்பலகையைத் தொடுவாள். ஆயுதமோ, ஆட்சித் தந்திரமோ, சக்கரமோ என ஒரு புதிய எண்ணம் உதிக்கும். பிற்பகுதியில் அதே சுபாவமுள்ள எதிர்கால மனிதன் விண்வெளியிற் சிக்கித் தவிப்பான், அவன் முன்னும் பலகை தோன்றும், அவனும் விண்குழந்தையாவான். முதலிதழில் வேட்டைக்காரன் ஒருவனும் டெக்கர் என்னும் விண்வெளிவீரனும். இரண்டாவதில் தன்னைத் தெய்வமாக்கிக் கொண்ட வீரா என்னும் பெண். மூன்றாம் நான்காம் இதழ்களிலே மராக் என்னும் கொடியவன் சக்கரத்தைப் பெற்று அதனைப் போருக்கே பயன்படுத்துகிறான். இவ்வகையில் ஒரே திணையில் நின்று பாடிய தனிப்பாட்டுக்களைப் போல இவை அமைந்தன. பாடியவர் மாத்திரம் ஒருவர்.

இவ்வரிசையின் குறையை மறைப்பதிற் பயனில்லை. குப்ரிக் மௌனமாக விட்ட இடங்களிலெல்லாம் கேர்பி விளக்கம் எழுதினார். குரங்கு என்ன நினைக்கிறது, பலகை ஏன் வந்தது, விண்குழந்தை எங்கே போகிறது என்று கட்டத்துக்குக் கட்டம் ஒரு குரல் கூவிக்கொண்டேயிருக்கும். படத்தின் பெருமை அதன் மௌனத்திலே என்று கருதுவோர்க்கு இது தாங்கொணாதது. அதற்கு மறுபக்கமும் உண்டு. திரையரங்கிற் குழம்பி நின்ற சிறுவன், 30 சதத்துக்கு வாங்கிய இதழை மரநிழலிற் குந்தியிருந்து திரும்பத் திரும்பப் புரட்டலாம். கட்டத்தை நிறுத்திப் பார்க்கலாம். விளங்காததை மீண்டும் தொடங்கலாம். தம்புள்ளைச் சுவரோவியம் செய்த உதவியும் அதுவே. கேர்பியின் தூரிகை விரித்த விண்வெளி, கருங்குமிழிகளும் ஒளிக்கீற்றுக்களும் கொந்தளிக்கும் ஒன்று. குப்ரிக்கின் விண்வெளியோ குளிர்ந்து அடங்கியது. எது உண்மைக்கு அண்மையது என்பதை விஞ்ஞானிகள் எளிதிற் சொல்லிவிடுவர். எது சிறுவனின் நெஞ்சில் நிற்பது என்பது வேறு கேள்வி.

வரிசையின் உச்சம் ஐந்தாம் ஆறாம் இதழ்கள். 2040 ஆம் ஆண்டின் நியூயோர்க்கிலே நோர்ட்டன் என்றொருவன் வாழ்கிறான். சலித்த வாழ்வு. பணங்கொடுத்துச் சித்திரக்கதை வீரனின் உடையணிந்து, போலி அரங்கொன்றிலே போலிப் பகைவரை வென்று, போலி அழகியை மீட்டு வீடு திரும்புவது அவனது பொழுதுபோக்கு. அங்கேயும் கற்பலகை தோன்றுகிறது. விண்வெளிக்குச் செல்லும் நோர்ட்டன் மெய்யான ஆபத்தையும் மெய்யான அழகியையும் சந்திக்கிறான். நாற்பதாண்டு சித்திரக்கதை வரைந்து முதிர்ந்த ஒருவர், தம் இதழை வாங்கும் வாசகனையே கதாநாயகனாக்கி, அவனைக் கேலியும் செய்து பரிவும் காட்டிய இடம் இது. வீரர்களின் உடையணிந்து திரளும் இன்றைய மாநாடுகளைக் காண்போர்க்கு, கேர்பி 1977 இலேயே எவ்வளவு தூரம் பார்த்துவிட்டார் என்பது விளங்கும்.

அவ்வாண்டு மே மாதத்திலே "ஸ்டார் வோர்ஸ்" படம் வெளிவந்தது. அதன் சித்திரக்கதையை அதே மார்வல் நிறுவனமே வெளியிட்டது. 1986 வரை 107 இதழ்கள் வந்தன. "2001" பத்தோடு நின்றது. சிந்திக்கச் சொன்ன விண்வெளியை வாள்வீசிச் சென்ற விண்வெளி வென்றது என்று சுருங்கச் சொல்லிவிடலாமாயினும், காரணம் அது மட்டுமன்று. "ஸ்டார் வோர்ஸ்" கதையிலே மாதந்தோறும் சந்திக்கக்கூடிய நண்பர்கள் இருந்தனர். "2001" இல் நண்பனாகக்கூடியவன் எவனும் இதழின் கடைசிப் பக்கத்தில் விண்குழந்தையாகிப் போய்விடுவான். தொடர்கதையின் வாசகன் மோட்சமடைந்தவனை மறுமாதம் தேடுவதில்லை. பின்னாளில் 1999 தொடக்கம் 2005 வரை வேறொரு நிறுவனம் "ஸ்டார் வோர்ஸ்" உலகிலே பல ஆசிரியர் எழுதிய குறுங்கதைகளைத் தொகுத்து 24 இதழ்கள் வெளியிட்டபோது, அங்கே விளையாட்டாக எழுதவும் இடமிருந்தது. பழகிய முகங்களோடு தானே விளையாட முடியும்.

கேர்பியும் இதனை உணர்ந்திருக்கலாம். எட்டாம் இதழில் அவர் முறையை மாற்றினார். எக்ஸ் 51 என்னும் இயந்திர மனிதன் தோன்றினான். அவனை ஆக்கிய விஞ்ஞானி ஏபெல் ஸ்டாக் அவனைத் தன் மகனாகவே வளர்த்து, மனித முகமும் பெயரும் கொடுத்து, அவனுள் வைத்த வெடிகுண்டைக் கழற்றித் தானே உயிர்விட்டான். கற்பலகை அவ்வியந்திரத்தின் முன்னும் நின்றது. கடைசி மூன்று இதழ்களும் அவன் கதையே.

கடலுக்கு இப்பால் இலங்கையில் அக்காலத்தில் நடந்தவையும் குறிப்பிடத்தக்கவை. 1975 இல் இந்தியா, அமெரிக்கச் செய்மதியொன்றின் துணைகொண்டு ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகளைத் தொலைக்காட்சியில் அனுப்பிய காலை, கிளார்க்கின் கொழும்பு இல்லத்திலும் அந்நாட்டு விண்வெளி நிறுவனத்தார் ஒரு வாங்கித் தட்டை நிறுவிக் கொடுத்தனர். இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியது 1979 இலேதான். அவ்வாண்டிலேயே கிளார்க்கின் "சொர்க்கத்தின் நீரூற்றுக்கள்" என்னும் பொருள்படும் நாவலும் வெளிவந்தது. மாத்தளை மாவட்டம் விண்வெளிக் கதைக்குள் புகுந்தது இங்கேதான். சீகிரியா அங்கே யக்ககல என்று பெயர் பெற்றது. சிவனொளிபாதம் ஸ்ரீகந்த ஆயிற்று. தீவு முழுவதும் தெற்கே பூமத்திய ரேகைவரை நகர்த்தப்பட்டது. மலையுச்சியிலிருந்து விண்வெளிக்கு ஏணி கட்ட வேண்டுமாயின் அந்த ரேகையில் நின்றே கட்ட வேண்டும். காசியப்பனுக்கு அவர் கொடுத்த பெயர் காளிதாசன்! தந்தையைக் கொன்ற மன்னனுக்கு மகாகவியின் பெயரைச் சூட்டியது நம்மவர் செவியில் இடறவே செய்யும். கதையோ இடறவில்லை, ஹியூகோ, நெபுலா என்னும் பரிசுகள் இரண்டையும் பெற்றது.

"2001" உலகத்துக்குக் கிளார்க் பின்னரும் மூன்று நாவல்களைச் சேர்த்தார்: 1982 இல் "2010", 1987 இல் "2061", 1997 இல் "3001". இவற்றுள் முதலாவது படமாகியபோது, கொழும்பிலிருந்த அவரும் அமெரிக்காவிலிருந்த நெறியாளர் பீற்றர் ஹையம்சும் சிறு கணினிகளைத் தொலைபேசியோடு இணைத்து நாள்தோறும் மடல் பரிமாறினர். 1984 ஆம் ஆண்டில் அது புதுமை. அப்படத்துக்கும் மார்வல் ஒரு சித்திரக்கதை வெளியிட்டது. கேர்பியின் கை அதில் இல்லை, வேகமும் இல்லை.

தமிழ் வாசகரிடம் விஞ்ஞானச் சித்திரக்கதை வேறு வழியாக வந்தது. சிவகாசியில் 1972 இல் தொடங்கிய "முத்து காமிக்ஸ்", பிரித்தானியாவின் "வேலியன்ட்" என்னும் தொகை இதழில் 1962 முதல் வெளிவந்த கதையொன்றை "இரும்புக்கை மாயாவி" ஆக்கித் தந்தது. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து கை மட்டும் தெரியும் அந்த வீரன் தமிழ்ச் சிறுவரின் சொந்த வீரனானான். தென்னிந்திய இதழ்களின் இறக்குமதி 1970 களின் முற்பகுதியில் இலங்கையில் கட்டுப்படுத்தப்பட்டதை எண்ணும்போது, கைக்கு வந்த இதழொன்றின் மதிப்பு எத்தகையது என்பது தெரியும். உரிமைச் சட்டம் தெரியாத அச்சிறுவர் விதித்த சட்டம் ஒன்றே: வாசித்தவன் அடுத்தவனுக்குக் கொடுக்க வேண்டும்.

கேர்பியின் பத்து இதழ்களுக்கு அத்தகைய எளிய விதி வாய்க்கவில்லை. கற்பலகையும் விண்குழந்தையும் திரைப்பட உரிமையாளரின் சொத்து. கோடும் கட்டமும் மார்வலின் சொத்து. இரண்டும் ஒன்று கூடாமையால் அவை பல பத்தாண்டுகள் மறுபதிப்பின்றிப் பழைய இதழ் சேர்ப்போரின் பெட்டிகளிலே கிடந்தன. கேர்பி 1994 பெப்ரவரியிலும், கிளார்க் 2008 மார்ச் 19 ஆம் நாள் கொழும்பிலும் காலமாயினர். அவ்வுலகிலிருந்து தப்பி வெளியேறியவன் ஒருவனே. கேர்பி தாமே படைத்தமையால் எக்ஸ் 51 திரைப்படக்காரருக்கு உரியவனாகவில்லை. 1978 ஏப்ரலில் "மெஷின் மான்" என்ற பெயருடன் அவனுக்குத் தனியிதழ் வந்தது. பத்தொன்பது இதழ்கள் ஓடி 1981 இல் நின்றது. கற்பலகையின் கதை அங்கே தொடரவில்லை. பிற வீரர்களின் கதைகளில் அவன் பின்னரும் தலைகாட்டினான். தன்னை முதலிற் சந்தித்த அந்தக் கரிய கல்லை மாத்திரம், சட்டப்படி, அவன் நினைவுகூர இயலாதிருந்தது.